வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இதய உறை அழற்சி: கேள்வி பதில்

காய்ச்சல், சளி விட்ட கொஞ்ச நாளில் நெஞ்சில் குத்து வலி வந்து, ‘பெரிகார்டைட்டிஸ்’ (இதய உறை அழற்சி) என்று சீட்டில் எழுதி வாங்கியவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகள் இவை. நான் பொது மருத்துவர். இந்த நோயில் நான் பார்த்தவரை ஆளைத் திரும்பப் படுக்க வைப்பது அவசரம்தான்: வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துகிற அவசரம், உடனே வேலைக்கு ஓடுகிற அவசரம்.

திருப்பூர், வயது 34: காய்ச்சல் விட்டுப் பத்து நாளில் நெஞ்சு வலி. ஈசிஜி பார்த்த டாக்டர் ஹார்ட் அட்டாக் என்று பதறி அனுப்பினார். போன இடத்தில் இதய உறை வீக்கம் என்கிறார்கள். எதை நம்புவது?

பதறியவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டிலும் ஈசிஜி கோடு மேலே தூக்கும். அட்டாக்கில் அடைபட்ட ரத்தக்குழாய்க்குரிய பக்கத்தில் தூக்கும். உறை அழற்சியில் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் தூக்கும். அவசரத்தில் அட்டாக் என்று நினைத்து அனுப்புவதுதான் பாதுகாப்பு.

இதயத்தைச் சுற்றி இரண்டு அடுக்குள்ள ஒரு பை இருக்கிறது. நடுவில் 15 முதல் 50 மில்லி வரை நீர். அந்த வழுவழுப்பில்தான் இதயம் உரசாமல் துடிக்கிறது. காக்ஸாக்கி, அடினோ, ஃப்ளூ, கொரோனா மாதிரி ஏதாவது ஒரு வைரஸ் வந்துபோன பிறகு அந்தப் பை வீங்கிச் சொரசொரப்பாகிவிடும். உங்கள் வயதுக்காரர் ஒருவரை முன்னால் குனிய வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் ஸ்டெதாஸ்கோப்பை அழுத்தி வைத்தேன். புதுத் தோல் செருப்போடு நடக்கிற மாதிரி கிறீச், கிறீச் என்று கேட்டது. இரண்டு அடுக்கும் உரசுகிற சத்தம் அது. காலையில் கேட்டது மத்தியானம் கேட்காது, சாயங்காலம் திரும்ப வரும்.

மல்லாந்தால் வலி கூடும், மூச்சை இழுத்தால் குத்தும், முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். இதுதான் வழக்கமான அடையாளம். ஆனாலும் இதை வைத்து வீட்டிலேயே ‘அட்டாக் இல்லை’ என்று முடிவு கட்டக் கூடாது. ஈசிஜி, எக்கோ, ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ஏறுகிற புரதம்) மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மதுரை: என் கணவருக்கு ஒன்பதாம் நாளே வலி போய்விட்டது. கோல்சிசின் மாத்திரையை மூன்று மாதம் சாப்பிடச் சொல்கிறார்கள். வயிற்றால் வேறு போகிறது. நிறுத்திவிடலாமா டாக்டர்?

நீங்களாக நிறுத்த வேண்டாம் அம்மா. வலி போனாலும் உள்ளே வீக்கம் மிச்சம் இருக்கும். இப்யூபுரூஃபன் அல்லது ஆஸ்பிரின் ஒன்றிரண்டு வாரம் முழு அளவில் கொடுத்து, ரத்தத்தில் சிஆர்பி (வீக்கத்தைக் காட்டுகிற அளவு) இறங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். கோல்சிசின் நோய் திரும்பாமல் காப்பதற்கு. இத்தாலியில் 240 பேரிடம் நடத்தி 2013இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான மருந்தோடு இதையும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கு நோய் நீடித்தது அல்லது திரும்பியது. சாப்பிடாதவர்களில் அது 37 பேருக்கு மேல். பாதிக்குப் பாதி குறைகிறது, விட்டுவிடாதீர்கள்.

வயிற்றுப்போக்கு இந்த மாத்திரையின் தெரிந்த தொல்லைதான். அவர் எடை 70 கிலோவுக்குக் கீழே என்றால் பொதுவாக அரை மில்லிகிராம் ஒரு வேளை போதும். சீட்டில் இரண்டு வேளை இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். நடுவில் தொண்டை வலி என்று வேறு யாரிடமாவது போனாலும் கோல்சிசின் சாப்பிடுவதை முதலில் சொல்ல வேண்டும். கிளாரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் கோல்சிசின் உடம்பில் தேங்கி விஷமாகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

மூலனூர், விவசாயி: நாங்கள் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். அந்த விதையில் இருந்துதான் கோல்சிசின் எடுக்கிறார்களாமே. எங்களிடமே இருக்கும்போது எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

ஐயா, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. கண்வலிக்கிழங்கு என்கிற செங்காந்தளின் விதையில் கோல்சிசின் இருப்பது உண்மை. அதனாலேயே விதையையோ கிழங்கையோ ஒரு துண்டுகூட வாயில் வைக்காதீர்கள். இந்த மருந்தில் குணப்படுத்தும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. மாத்திரையில் அரை மில்லிகிராம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள், விதையில் யார் அளப்பது? முதலில் வாந்தி பேதி, அப்புறம் சிறுநீரகம், ரத்தம் ஊறுகிற மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். சட்டென்று கிடைக்கிற முறிவு மருந்தும் இல்லை. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கடலூர், கல்லூரி மாணவர்: நான் கபடி ஆடுபவன். மாவட்டப் போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. இப்போது வலி இல்லை. இறங்கலாமா?

தம்பி, உனக்கு ட்ரோபோனின் ஏறியிருந்ததா என்று ரிப்போர்ட்டைப் பார். ஏறியிருந்தால் வீக்கம் உறையோடு நிற்காமல் இதயத் தசையையும் தொட்டிருக்கிறது. அப்படியென்றால் மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆட்டம் கிடையாது. வீங்கிய தசையோடு மூச்சிரைக்க ஓடினால் துடிப்பு திடீரென்று தாறுமாறாகலாம், உயிரே போகலாம். உறை மட்டும் என்றாலும் வலி, சிஆர்பி, ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாகும் வரை பொறு. அதற்கு மேல் எவ்வளவு நாள் என்பதை உன்னைப் பார்க்கிற இதய மருத்துவர் சொல்லட்டும். ஆட்டக்காரர்களுக்கு மூன்று மாதம்கூடச் சொல்வார்கள். இந்தப் போட்டியை விட்டுவிடு. மெதுவாக நடக்கத் தொடங்கு, மறுநாள் வலி எட்டிப் பார்த்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்.

தஞ்சாவூர்: அப்பாவால் படுக்கவே முடியவில்லை. உட்கார்ந்தே தூங்குகிறார்.

முதுகுக்கு மூன்று தலையணை கொடுங்கள். மடியில் ஒன்றை வைத்து அதன்மேல் முன்னால் சாய்ந்துகொள்ளட்டும். ஆனால் வலியால் படுக்க முடியவில்லையா, மூச்சு முட்டுவதாலா என்று கேளுங்கள். மூச்சு முட்டினாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, கழுத்து நரம்பு புடைத்தாலோ, உறைக்குள் நீர் சேர்ந்து இதயத்தை அழுத்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

கொழும்பு: இரண்டாம் முறை வந்துவிட்டது. ஸ்டீராய்டு போட்டால் சீக்கிரம் அடங்கும் என்று தெரிந்தவர் சொல்கிறார்.

சீக்கிரம் அடங்கும், குறைக்கும்போது திரும்ப வரும். அதனால்தான் அது முதல் மருந்து இல்லை. நம் பகுதி நாடுகளில் இன்னொரு காரணமும் இருக்கிறது: காசநோயும் இதய உறையைப் பிடிக்கும். சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை இறங்குதல் இருந்தால் காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் ஸ்டீராய்டைத் தொடக் கூடாது.

வேலூர்: வீட்டில் மிச்சம் இருக்கிற இப்யூபுரூஃபனை அடுத்த காய்ச்சலுக்குப் போடலாமா?

கூடாது. அது டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

சேலம்: எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஆனாலும் சுருக்கென்று ஒரு குத்து வந்தால் தூக்கம் போய்விடுகிறது. இரவில் எழுந்து நாடி பிடித்துப் பார்க்கிறேன்.

நிறைய பேர் இதைச் சொல்கிறார்கள், வெளியே சொல்லத்தான் கூச்சப்படுகிறார்கள். நொடியில் வந்து போகிற குத்து, விரலால் அழுத்தினால் அதே இடத்தில் வலிப்பது, பெரும்பாலும் நெஞ்சுத் தசையின் வலி. மணிக்கணக்கில் நின்று, மல்லாந்தால் கூடுகிற பழைய வலி என்றால் சிஆர்பி பார்க்க வேண்டும். எந்த நாள், எவ்வளவு நேரம், எப்படிப் படுத்திருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, அடுத்த முறை போகும்போது கையில் எடுத்துப் போங்கள்.