பெட்டியில் 48 வோல்ட், பற்றரிக்குள் 18: இம்பெக்ட் டிரைவர் வாங்குவோரின் கேள்விகள்

மின்கருவிகளைப் பற்றி மலையகத்திலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இப்போது, ஸ்குரூவை அடித்துத் திருகி இறக்கும் கம்பியில்லா இம்பெக்ட் டிரைவரைப் பற்றியவை. கூரை வேலை, கதவு, நிலை, கட்டில் என்று எல்லா வேலைகளுக்கும் அது வந்துவிட்டது. தொழிலாளி தன் கைக்காசில் வாங்குகிற கருவி என்பதால் முதல் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தோட்டங்களில் கட்டும் தனி வீடுகளுக்குக் கூரை வேலையைக் கொந்தராத்து எடுத்துச் செய்கிறோம். ஹற்றனில் ஒரு கடையில் ‘48 வோல்ட், 520 நியூட்டன் மீற்றர்’ என்று எழுதிய செட் ஒன்றைக் காட்டினார்கள். இரண்டு பற்றரி, சார்ஜர், ஒரு பெட்டி நிறைய பிட்டுகள். பக்கத்திலேயே மகிட்டா, 18 வோல்ட், 170 நியூட்டன் மீற்றர். பற்றரியும் சார்ஜரும் சேர்த்தால் விலை இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. எண்ணில் சிறியதற்கு ஏன் கூடுதல் பணம்?
*(தச்சுத் தொழிலாளி, கொட்டகலை)*

பதில்: அந்த 48 உண்மையான எண் அல்ல என்பதுதான் காரணம். இந்தக் கருவிகளின் பற்றரிக்குள் இருப்பவை லித்தியம் கலங்கள். ஒரு கலத்தின் பெயரளவு அழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து கலங்களை வரிசையாக இணைத்தால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் ஒரு கலம் 4.2 வரை போகும்; அப்போது ஐந்தும் சேர்ந்து 21. ஆகவே ஒரு கம்பனி 18 என்றும், இன்னொன்று 20 என்றும், மற்றொன்று 21 என்றும் எழுதுவது ஒரே ஐந்து கலங்களைத்தான். அதுவரை பிழையில்லை. ஆனால் 48 வோல்ட் வேண்டுமென்றால் 13 கலங்கள் வரிசையாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பற்றரியில் ஐந்து அல்லது பத்துக் கலங்கள்தான் இருக்கும். 88, 128 என்று எழுதி வருபவற்றின் கதையும் இதுவே.

திருகும் விசையைக் காட்டும் 520 நியூட்டன் மீற்றரும் அப்படித்தான். வாகனச் சக்கர நட்டுகளைக் கழற்றும் பெரிய இம்பெக்ட் ரெஞ்சுகள்தான் அவ்வளவு விசை தரும். நீங்கள் பாவிக்கும் பிட்டின், அதாவது ஸ்குரூத் தலையில் பொருந்தும் முனையின், அறுகோணத் தண்டு 6.35 மில்லிமீற்றர், அதாவது கால் அங்குலம். அந்த விசை நிஜமாகவே வந்தால் முதல் நாளே பிட் முறுகி ஒடிந்துவிடும். மகிட்டாவில் மோட்டாரில் கார்பன் பிரஷ் உள்ள டிடிடி (DTD) 152 மாதிரிக்கு 165 நியூட்டன் மீற்றர், பிரஷ் இல்லாத டிடிடி 153 மாதிரிக்கு 170 என்று எழுதியிருக்கிறார்கள். கூரைத் தகட்டு ஸ்குரூவுக்கு அதில் சிறு பங்குகூடத் தேவையில்லை. தீராந்தியில் நீண்ட தடித்த ஸ்குரூ இறக்கும்போதுதான் அந்த விசை வேலைக்கு வரும்.

சாதாரண டிரில்லைவிட இது ஏன் கைக்கு இதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்குரூ இறுகத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் சுத்தியல் சுருள்வில்லை அழுத்திக்கொண்டு பின்வாங்கி, சுற்றும் வேகத்தோடு, பிட்டைப் பிடித்திருக்கும் பட்டடையில் அடிக்கிறது. நிமிடத்துக்கு 3,000க்கும் மேற்பட்ட அடிகள். திருகும் விசை சிறுசிறு அடிகளாகப் போவதால் மணிக்கட்டை முறுக்கி இழுக்காது. ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

பற்றரியைத் தராசில் வைத்துப் பாருங்கள். இது யாராலும் செய்யக்கூடிய சோதனை. பரவலாகப் பாவிக்கப்படும் 18650 வகைக் கலம் ஒன்று ஏறத்தாழ 45 கிராம். 18 வோல்ட், கொள்ளளவு 5 அம்பியர் மணி என்று எழுதிய பற்றரியில் அந்த வகைக் கலங்கள் பத்து இருக்க வேண்டும். கலங்கள் மட்டுமே 450 கிராம்; உறை, தகடு, மின்சுற்று எல்லாம் சேர 600 கிராமைத் தாண்டும். ‘5’ என்று எழுதிவிட்டு 400 கிராம்கூட நிறுக்காத பற்றரி என்றால் உள்ளே பெரும்பாலும் ஐந்து கலங்கள்தான். பெயர் பெற்ற கம்பனிகளின் போலிகளும் ஊரெங்கும் உலவுவதால், மகிட்டா என்று எழுதியிருப்பதற்கும் இதே தராசுதான்.

அடுத்தது, கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி. “இதன் சுவிட்ச் போனால், பட்டடை தேய்ந்தால், எங்கே மாற்றுவேன்? பற்றரி மட்டும் தனியாக எப்போதும் கிடைக்குமா?” பதில் தெளிவாக வராவிட்டால் வாங்காதீர்கள். மலிவு செட்டின் பற்றரி சாகும்போது அதற்குப் பொருந்தும் பற்றரி சந்தையில் இல்லையென்றால் இயந்திரமும் கூடவே செத்துவிடும். நான் எந்த ஒரு கம்பனிக்காகவும் பேசவில்லை. மகிட்டா, பொஷ், டிவோல்ட் எதுவானாலும், ஹற்றனிலோ நுவரெலியாவிலோ கண்டியிலோ பழுதுபார்க்கும் முகவர் உள்ளதை எடுங்கள். ஒன்றை எடுத்தபின் அதே பற்றரிக்குப் பொருந்தும் கருவிகளையே தொடர்ந்து வாங்குங்கள். நாளைக்கு வாங்கப்போகும் மின்வாளுக்கும் கிரைண்டருக்கும் இன்றைய பற்றரி உதவும்.

பிரஷ் உள்ளதா, இல்லாததா? பிரஷ் இல்லாத மோட்டார் ஒரே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும், சூடு குறைவு. ஆனால் அதன் மின்சுற்று போனால் செலவு பெரிது. பிரஷ் உள்ளதில் கார்பன் தேய்ந்தால் பல மாதிரிகளில் நீங்களே மாற்றிவிடலாம். நாள்தோறும் கூரை வேலை செய்யும் உங்கள் குழுவுக்குப் பிரஷ் இல்லாததையே சொல்வேன், முகவர் பக்கத்தில் இருந்தால். பற்றரி இரண்டு கட்டாயம். 6 அம்பியர் மணியில் ஒன்றைவிட 3 அம்பியர் மணியில் இரண்டு மேல். ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது பக்கத்து வீட்டில் சார்ஜ் ஏறட்டும்.

கடைக்குப் போகும்போது மரக்காலையிலிருந்து ஒரு துண்டு டர்பன்டைன் வன்மரமும், 100 மில்லிமீற்றர் ஸ்குரூக்கள் சிலவும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் தரும் மென்மரத்தில் எல்லா இயந்திரமும் நன்றாகத்தான் இறக்கும். பிட்டைப் பொருத்தி வெறுமனே சுற்றவிட்டு, அதன் நுனி ஆடுகிறதா என்று பாருங்கள். விசைப்பொறியை மெல்ல மெல்ல அழுத்துங்கள். வேகம் படிப்படியாக ஏற வேண்டும், ஒரேயடியாகப் பாயக் கூடாது. பிறகு முழு ஸ்குரூவையும் இறக்குங்கள். ஓடாத இயந்திரத்தைப் பெட்டியோடு மட்டும் காட்டுகிற கடையில் வாங்க வேண்டாம்.

வாங்கிய பிறகு உங்கள் கையில் இருக்கும் ஒரு விடயம். கூரை ஸ்குரூவின் தலைக்குக் கீழே ஓர் உலோக வொஷரும், அதனடியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையமும் இருக்கும். ஸ்குரூ இறங்கும்போது அந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருங்கள். உலோக ஓரத்துக்குச் சமமாக வந்து, மயிரிழை வெளியே தெரிந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு அடி கூடினால் ரப்பர் பிதுங்கிப் பிளந்துவிடும். தகடும் குழிந்து அங்கே தண்ணீர் தேங்கும். இம்பெக்ட் டிரைவரில் பெரும்பாலும் கிளச் கிடையாது, தானாக நிற்காது. வேகத்தைத் தெரிவுசெய்யும் பொத்தான் இருந்தால் கீழ் நிலையில் வைத்தே கடைசிச் சுற்றுகளை முடியுங்கள். மே மாதத்தில் தென்மேல் பருவமழை இறங்கிய பிறகு கொட்டகலைப் பக்கம் வெயில் காண்பதே அரிது. ஒரு வொஷர் பிளந்தால் ஒரு குடும்பம் அந்த மழைக்காலம் முழுவதும் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்கும். லயத்திலிருந்து தனி வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது நேரக் கூடாது.

கேள்வி: கட்டில், அலுமாரி செய்கிறேன். ஒரே ஓர் இயந்திரம் வாங்கத்தான் வசதி. இதையே வாங்கலாமா?
*(தளபாடப் பட்டறை, பண்டாரவளை)*

பதில்: வேண்டாம். உங்களுக்கு ஏற்றது கிளச் உள்ள டிரில் டிரைவர். எவ்வளவு இறுகியதும் நிற்க வேண்டும் என்று வளையத்தைத் திருப்பி வைத்துவிடலாம். பலகையின் முகத்தில் ஸ்குரூ தலை புதையாது, மெல்லிய சட்டம் வெடிக்காது, துளையும் துல்லியமாகப் போடலாம். இம்பெக்ட் டிரைவரை இரண்டாவது கருவியாகப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது, ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்குரூக்களை அதனால் வன்மரத்தில் இறக்காதீர்கள். அவை கடினமானவை, ஆனால் நொறுங்கும் தன்மையுள்ளவை. தலை முறிந்து உடல் மரத்துக்குள்ளேயே தங்கிவிடும். பலா, தேக்கு, யூக்கலிப்டஸ் எதுவானாலும் முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டு ஸ்குரூவை இறக்குங்கள்.

கேள்வி: கொங்கிரீட் சுவரில் துளை போட முடியுமா?
*(ஒரு வாசகர், வட்டவளை)*

பதில்: முடியாது. இதன் அடி திருகும் திசையில் விழுகிறது. கொங்கிரீட்டை உடைக்க முன்நோக்கிய அடி வேண்டும். அதற்கு ரொட்டரி ஹேமர்தான்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பாவித்த மகிட்டா ஒன்று நல்ல விலைக்குக் கிடைக்கிறது. உடம்பு புதிது போலவே இருக்கிறது. எடுக்கலாமா?
*(மேசன் பாஸ், பதுளை)*

பதில்: இயந்திரம் நல்லதாகவே இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது சார்ஜரைத்தான். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; நமக்கு 230. சார்ஜரின் அடியில் உள்ள சீட்டில் உள்ளீடு 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் செருகியில் போட்ட கணமே புகைந்துவிடும். 220 முதல் 240 வரை ஏற்கும் சார்ஜர் புதிதாக வாங்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். ஜப்பான் சந்தைக்கு வந்த மாதிரியின் பெயர் டிடி (TD) என்றும், ஏற்றுமதி மாதிரியின் பெயர் டிடிடி என்றும் தொடங்கும். டிடி என்று தொடங்கினால் உள்ளூர் முகவர் உத்தரவாதம் தருவாரா என்று கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள். பழைய பற்றரிக்குத் தனி விலை கொடுக்க வேண்டாம். அது எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கியது என்று வெளியே பார்த்து மட்டும் சொல்ல முடியாது. பிட்டைச் செருகி ஆட்டிப் பாருங்கள். மிகவும் ஆடினால் பட்டடை தேய்ந்திருக்கிறது.

கேள்வி: என் கணவர் காலையில் பற்றரி சார்ஜ் ஏற மறுக்கிறது என்கிறார். சார்ஜரில் விளக்கு மட்டும் மின்னுகிறது. மாலையில் வீட்டுக்கு வந்தால் காதில் ரீங்காரம் கேட்கிறது என்றும் சொல்கிறார். இயந்திரத்தில் கோளாறா?
*(ஒரு வாசகி, கந்தப்பளை)*

பதில்: முதலாவது குளிரின் வேலையாக இருக்கலாம். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் பக்கமும் குளிருக்குக் குறைவில்லை. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் இடங்கள் இவை. மகிட்டாவின் கையேடு 10 முதல் 40 பாகைக்குள் சார்ஜ் செய்யச் சொல்கிறது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கலத்துக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து பற்றரி நிரந்தரமாகக் கெட்டுவிடும், ஆபத்தும் உண்டு. அதனால்தான் நல்ல சார்ஜர் தானாகவே மறுக்கிறது. இரவில் பற்றரியைக் கொட்டகையில் விடாமல் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவே வேண்டாம். அறையின் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்கள். அப்போதும் ஏறாவிட்டால்தான் முகவரிடம் போக வேண்டும்.

இரண்டாவது எனக்கு அதிகக் கவலை தருகிறது. இம்பெக்ட் டிரைவர் அடிக்கும்போது சத்தம் 95 டெசிபெலை ஒட்டி வரும். தகரக் கூரையின் கீழே அது இன்னும் எதிரொலிக்கும். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. அந்தக் கணக்கில் 94 டெசிபெலுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான். ரீங்காரம் வந்துவிட்டது என்றால் காது எச்சரிக்கிறது. நாளைக்கே நுரையாலான காதடைப்பு வாங்கிக் கொடுங்கள், மலிவானதுதான். ஆதார வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒருமுறை காட்டவும் சொல்லுங்கள். போன கேள்திறன் திரும்புவதில்லை.

கேள்வி: வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, இயந்திரம் நின்றுவிட்டது. கடைக்காரர் “பற்றரிக்கு உத்தரவாதம் இல்லை” என்கிறார். பில்லும் தரவில்லை. இனி என்ன செய்வது?
*(கட்டடத் தொழிலாளி, டிக்கோயா)*

பதில்: இன்றே திரும்பிப் போய்ப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். வாங்குபவர் கேட்டால் அதைக் கொடுப்பது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் கொடுத்து விற்பதும் அதே சட்டத்தில் குற்றம். பெட்டியில் 48 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், அதுவே சாட்சி. கடையில் பேசியும் பயனில்லை என்றால் அந்த அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுப்பதே முக்கியம், அதுவும் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள். பெட்டி, பற்றரி, உத்தரவாத அட்டை எல்லாவற்றையும் தொடர் இலக்கம் தெரியும்படி படம் எடுத்து இணையுங்கள்.

சிங்களத்தில்தான் எழுத வேண்டும் என்று எண்ணிப் பலர் முறைப்பாட்டையே கைவிடுகிறார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. உங்கள் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.