ரோடு ஏறிவிட்டது, வீடு இறங்கிவிட்டது: ஜாக்கி வைத்துத் தூக்கலாமா?

கேள்வி: சென்னை கொளத்தூரில் 1988-ல் அப்பா கட்டிய தரைத்தள வீடு. செங்கல் சுவர்தான், தூண்கள் இல்லை. ரோடு மேல் ரோடு போட்டு, தெரு இப்போது எங்கள் தரையைவிட ஒன்றேகால் அடி உயரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே நின்றது. ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்கிறார் ஒருவர். தரையை நிரப்பி உயர்த்தினால் போதும் என்கிறார் எங்கள் மேஸ்திரி. ஒரு பக்கம் சித்தப்பா வீட்டோடு பொதுச்சுவர். எது சரி?

பதில்: கடைசியாக ஒரு வரியில் சொன்ன பொதுச்சுவரில்தான் முடிவே இருக்கிறது. ஜாக்கி வேலையில் சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சேனல் நுழைத்து, வரிசையாக ஜாக்கிகளை நிறுத்தி எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகி ஏற்றுவார்கள். ஒரு மூலை முந்தினாலும் சுவரில் விரிசல் ஓடும். பொதுச்சுவர் மேல் சித்தப்பா வீட்டுக் கூரையும் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் பாதியை மட்டும் தூக்கவே கூடாது. அவர் வீட்டிலும் அதே தண்ணீர்தானே வருகிறது? முதலில் அவரிடம் பேசுங்கள். இரண்டையும் ஒரே கட்டடமாக நினைத்துச் சேர்த்துத் தூக்கலாம். அதற்குமுன் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் சுவரையும் அஸ்திவாரத்தையும் பார்த்தாக வேண்டும்.

அவர் ஒத்துவராவிட்டால் தரையை நிரப்புவதுதான் வழி. ஆனால் மேஸ்திரி சொல்கிற அளவுக்கு அது சின்ன வேலை இல்லை. ஒன்றரை அடி நிரப்பினால் ஏழடி வாசல் ஐந்தரை அடியாகிவிடும். வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலை உடைத்து மேலே ஏற்ற வேண்டும், ஜன்னல்களையும் மாற்ற வேண்டும். கூரை உயரத்தை அளந்து பாருங்கள்; நிரப்பிய பிறகு ஒன்பது அடியாவது மிஞ்ச வேண்டும். இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: ஓதம் ஏறாமலிருக்க பேஸ்மட்டத்தில் போட்ட சிமென்ட் பட்டை நிரப்பும் மண்ணுக்குள் புதைந்துவிடும். அப்புறம் சுவர் உப்புப் பூத்து உதிரும். அதனால் மண் படப்போகும் உயரம் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, நீர்புகாக் கலவையோடு பூசிய பிறகே நிரப்புங்கள். உடைத்த கட்டட ரப்பீஸ் வேண்டாம். அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து இறுக்கவில்லை என்றால் டைல்ஸ் இறங்கிவிடும்.

இரண்டில் எதைச் செய்தாலும் அடுத்த மழைக்குள் முடியாது. ஐப்பசி வருவதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள். தெரு மேன்ஹோல் மூடியைவிடத் தரை தாழ்ந்திருந்தால் சாக்கடை கழிப்பறை வழியாகத்தான் முதலில் ஏறும். வீட்டுக் கழிவுநீர்ச் சேம்பரில், வெளியே போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். அது மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் கழிவுநீரும் வெளியே போகாது, அதனால் தண்ணீர் புழக்கத்தைக் குறைக்க வேண்டும். சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) வாயைத் தெரு மட்டத்துக்கு மேல் கட்டி உயர்த்துங்கள். மீட்டர் போர்டும் ப்ளக் பாயிண்டுகளும் இடுப்புக்கு மேலே போகட்டும்.

சரி, மறுபடி ரோடு போட்டால்? பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். இன்றைய ரோடு மட்டத்தைக் காம்பவுண்டுச் சுவரில் பெயின்ட்டால் கோடு போட்டு, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சுரண்டாமல் ஜல்லி கொட்ட வந்தால், தெருக்காரர்கள் எல்லோரும் அன்றைக்கே மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள்.