வீட்டில் ஒருத்தி, வெளியே ஒருத்தி: நிழல் எந்தப் பக்கம்?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நான் தில்லியில் பிறந்து வளர்ந்தவள். ராமகிருஷ்ணபுரத்தில் வீடு. தாத்தா காலத்தில் கும்பகோணத்திலிருந்து வந்த குடும்பம். எம்.ஏ. இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு, ஊரை விட்டு வந்து இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே வாழ்கிறவர்களைப் பற்றிய தமிழ் நாவல்களை எடுத்திருக்கிறேன். எல்லா மனித மனங்களுக்கும் பொதுவான ஆதி வடிவங்கள் உண்டு என்கிற, சுவிஸ் உளவியலாளர் யுங்கின் ஆழ்படிமக் கோட்பாட்டை வைத்து அவற்றைப் படிக்கிறேன். ஆரம்பத்தில் எல்லாம் அழகாகப் பொருந்தியது. ஊரில் காத்திருக்கும் அம்மா பேரன்னை, புத்தி சொல்லும் தாத்தா ஞானக்கிழவர், ரயிலேறிப் போகிறவன் நாயகன், அவனைக் கேலி செய்யும் வடநாட்டுக்காரன் நிழல். பெரிய அட்டவணையே போட்டுவிட்டேன். மூன்றாவது அத்தியாயத்துக்கு வந்ததும் எல்லா நாவலும் ஒரே நாவல் மாதிரி தெரிகிறது. என் வழிகாட்டியோ, "யுங்கெல்லாம் பழைய சரக்கு, ஐரோப்பாக்காரர் விஷயம், விட்டுவிடு" என்கிறார். விடவா, தொடரவா? இன்னொன்றும் கேட்கவேண்டும். நான் வீட்டில் ஒருத்தி, வெளியே ஒருத்தி. இந்த நாவல்களில் என்னையேதான் படிக்கிறேனோ என்று தோன்றுகிறது. இந்த இரண்டில் எது நான்?

(பெயர் வேண்டாம், புது தில்லி-22)

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

விட வேண்டாம். அட்டவணையை மட்டும் கிழித்துப் போடுங்கள்.

எல்லாம் பொருந்தியதுதான் உங்களுக்கு வந்த முதல் எச்சரிக்கை. எந்தக் கதையில்தான் ஒரு அம்மா இல்லை, ஒரு கிழவர் இல்லை? ஆழ்படிமம் என்பது உள்ளடக்கம் இல்லாத வெறும் வடிவம் என்று யுங்கே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். உப்புக் கரைசலில் படிகத்தின் அச்சு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுபோல என்பது அவர் காட்டிய உவமை. நமக்குக் கிடைப்பது படிகம் மட்டும்தான். அது எந்த அளவில், எந்தக் கீறலோடு, எந்தக் கறையோடு உருவாகிறது என்பதை அந்தந்த வாழ்க்கைதான் தீர்மானிக்கிறது. தாத்தாவுக்கு ஞானக்கிழவர் என்று பெயர் ஒட்டினால், கரைசலுக்குள் அச்சு இருக்கிறது என்று சொன்னதாக மட்டுமே ஆகும். நாவல் இருப்பது கீறலில்.

உங்கள் வழிகாட்டி சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை அவரைவிட நன்றாகச் சொன்னவர் ஃபிரான்ஸ் ஃபனோன். மார்ட்டினிக் தீவில் பிறந்த கறுப்பின மனநல மருத்துவர். 1952-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே யுங்கோடு மோதுகிறார். மனித மனத்தின் பொதுவான அடியாழம் என்று யுங் சொன்ன கூட்டு நனவிலி மூளை வழியாகப் பரம்பரையாக வருவதில்லை, ஒரு சமூகத்தின் கதைகளும் தப்பெண்ணங்களும் சேர்ந்து மனதில் படிவதுதான் அது என்பது அவர் கட்சி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த கறுப்புக் குழந்தை வெள்ளைக்காரக் குழந்தையின் கதைகளையே படித்து வளர்கிறது. அதனால் கறுப்பு என்றால் தீமை என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. கடைசியில் அதன் நிழலும், அதாவது தனக்குள் அது ஏற்க மறுக்கிற பக்கமும், கறுப்பாகவே இருக்கிறது. எதை நிழலுக்குள் தள்ளவேண்டும் என்று முடிவு செய்தவர்கள் வேறு யாரோ. உங்கள் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் இந்த வாதத்துக்கு இரண்டு பக்கமாவது கொடுங்கள். வழிகாட்டியின் ஆட்சேபத்துக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

யுங் இந்தியாவுக்கு வந்த கதையையும் படியுங்கள். கல்கத்தாவில் 1938 ஜனவரியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவுக்காக வந்தார். அப்போது அவருக்கு வயது 62. பயணம் முழுக்கக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தது ஐரோப்பிய ரசவாத நூல் ஒன்றை. கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே வந்தபின் ஒரு கனவு கண்டார். இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகே ஒரு தீவு, அதில் ஒரு பழைய கோட்டை, கொண்டுவரவேண்டிய, ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் புனிதக் கிண்ணம், அதற்காகத் தனியாகக் கடலை நீந்திக் கடக்கவேண்டிய நிலை. இந்தியா உன் வேலை இல்லை, உன் ஊர்க் கிண்ணத்தைத் தேடு என்று அந்தக் கனவு சொன்னதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு சென்னை வரை வந்தும் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்க்கவில்லை.

மனித மனத்தின் அடியாழம் எல்லோருக்கும் பொது என்று சொன்ன மனிதரின் மனமே, அந்நிய மண்ணில் கால் வைத்ததும் தன் ஊர்ப் படிமத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டுவிட்டது. கோட்பாட்டை மறுக்க இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே நிற்கும் மனம் என்ன செய்கிறது என்பதற்கு யுங்கே கொடுத்த வாக்குமூலம் இது. உங்கள் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி எங்கே கிடைக்கும்?

இனி நிழலுக்கு வருகிறேன். எனக்குச் சொல்லவேண்டியது முக்கியமாக இங்கேதான் இருக்கிறது.

யுங் சொல்லும் வெளிமுகம், தனிமனிதருக்கும் சமூகத்துக்கும் நடுவே ஏற்படுகிற ஒரு சமரசம். நிழல் என்பது நாம் எதுவாக இருக்க விரும்பவில்லையோ அது. இந்த ஏற்பாட்டில் ஒரு மனிதருக்கு ஒரு சமூகம்தான். ஒரு சமூகம், ஒரு வெளிமுகம், அதற்குப் பின்னால் ஒரு நிழல். உங்கள் நாவல்களில் வருகிறவர்களுக்கோ சமூகம் இரண்டு.

கந்த சஷ்டி சமயத்தில், உங்கள் ராமகிருஷ்ணபுரத்து முருகன் கோயிலான மலை மந்திர் படிக்கட்டில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி போனில் தோழியோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் உரக்க, கை ஆட்டி, இடையிடையே ஒரு வசவு, ஒரு பெரிய சிரிப்பு. மேலேயிருந்து பாட்டி இறங்கி வந்தார். போன் சட்டென்று பைக்குள் போனது. துப்பட்டா தோளில் சரியாயிற்று. குரல் பாதியாகக் குறைந்தது. "யாரோட பேசிண்டிருந்தே?" "ஒண்ணுமில்லே பாட்டி, ஸ்கூல் ஃப்ரெண்ட்." பிறகு பாட்டியின் கையைப் பிடித்துப் படியிறக்கினாள். அந்தப் பிடியில் நடிப்பே இல்லை.

இதே பெண் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வாள் என்பதும் தில்லியில் வளர்ந்த உங்களுக்குத் தெரியும். "மதராசி" என்று எவனாவது கூப்பிட்டால் முதலில் சிரிப்பவள் அவளாக இருப்பாள். தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டு அடுத்தவளுடைய பராட்டாவைப் பிய்த்துத் தின்பாள். அங்கே அவள் ஒளித்து வைப்பது பாட்டியின் பேத்தியை. படிக்கட்டில் ஒளித்தது கை ஆட்டிப் பேசுகிறவளை. இங்கே வெளிமுகமாக இருப்பது அங்கே நிழல், அங்கே வெளிமுகமாக இருப்பது இங்கே நிழல்.

இதுதான் உங்கள் ஆய்வேடு என்று எனக்குப் படுகிறது. யுங்கின் ஏற்பாட்டில் நிழல் எப்போதும் வெளிமுகத்துக்குப் பின்னால்தான் விழும். இடம் பெயர்ந்தவர்களின் இலக்கியத்தில் வெளிச்சமே இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. வடநாட்டுக்காரன் நிழல் என்று நீங்கள் எழுதியது ஏன் சப்பென்று இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? கேலி செய்கிற அந்த ஆள் நிழல் இல்லை. அந்தக் கேலிக்குச் சேர்ந்து சிரிக்கிற நம் ஆளுக்குள்தான் நிழல் இருக்கிறது. விடுமுறைக்குக் கும்பகோணம் போகும்போது, "இந்தி வாடையடிக்கிறது உன் தமிழ்" என்று சித்தி பெண்கள் சிரித்தால் அங்கேயும் சேர்ந்து சிரிப்பான். அப்போது நிழல் இடம் மாறிவிட்டது. ஒரு நாவலாசிரியர் இந்த இடமாற்றத்தைப் பிடித்திருக்கிறாரா, கோட்டை விட்டாரா என்பதை வைத்தே அந்த நாவலின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

இதற்கு ஆதவனைத் தவிர்க்கவே முடியாது. கல்லிடைக்குறிச்சியில் பிறந்து தில்லியில் வளர்ந்து வேலை பார்த்தவர். தில்லியின் அதிகாரி வர்க்கத் தமிழ்க் குடும்பத்தை வைத்து எழுதிய 'காகித மலர்கள்' நாவலில், ஒவ்வொருவரும் மற்றவர் எதிர்பார்க்கும் வேஷத்தைப் போட்டுக்கொண்டு, அது வேஷம் என்று தெரிந்தே தவிப்பார்கள். யுங்கை அருகில் வைத்துப் படித்தால் ஒரு வித்தியாசம் தெரியும். வெளிமுகத்தோடு ஒட்டிப்போய் அதுவே தான் என்று நம்பிவிடுவதுதான் யுங்குக்குப் பெரிய ஆபத்து. ஆதவனின் மனிதர்களால் எதோடும் ஒட்ட முடிவதில்லை. நோயே தலைகீழாக இருக்கிறது. இதை உங்கள் அட்டவணையின் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

நாயகப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கப் புராண ஆய்வாளர் ஜோசப் கேம்ப்பெல் 1949-ல் வகுத்த அந்தப் பாதைக்குப் புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்துக்கு, திரும்பிப் போனால் அடையாளம் கண்டுகொள்கிற ஒரு வீடு வேண்டும். நாஞ்சில் நாடனின் 'சதுரங்கக் குதிரை'யில் வரும் நாராயணன், கல்யாணமாகாமலே வயதேறிவிட்ட மும்பைவாசி. அவனுக்கு ஊருக்குப் போக ரயில் இருக்கிறது, திரும்புவது என்பது இல்லை. கேம்ப்பெல்லின் வட்டம் அங்கே உடைகிறது. அந்த உடைப்பை ஓர் அத்தியாயமாக எழுதுங்கள். திரும்பாத பயணம் நம் மரபுக்குப் புதிதும் இல்லை. கண்ணகி பிறந்தது புகாரில், இழந்தது மதுரையில், தெய்வமானது சேரநாட்டில். மூன்று காண்டங்களில் ஒன்றில்கூட அவள் வீடு திரும்பவில்லை.

சிலம்பிலேயே உங்களுக்கு இன்னொரு புதையல் இருக்கிறது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனிடம் சொல்கிற வரிகள்:

முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்

இப்படிப்பட்ட காலத்தில் இந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்களே என்று முடிப்பான். பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலம் ஒதுக்கவில்லை, நடுவுநிலைத் திணை என்கிறது. இரண்டு நிலங்கள் தங்கள் இயல்பை இழக்கும்போது, வெயிலின் கடுமையில் தோன்றுகிற ஒரு நிலை அது. அதன் உரிப்பொருள், அதாவது அதற்குரிய உணர்வு, பிரிவு. யுங்குக்குப் படிமம் மனதிலிருந்து எழுந்து உலகத்தின் மேல் விழுகிறது. திணைக் கோட்பாட்டில் நிலமும் பொழுதும் மனதோடு சேர்ந்தே வருகின்றன. தில்லியின் மே மாத லூ என்கிற அனல்காற்றையும், அரசாங்கக் குடியிருப்பில் கூலருக்குத் தண்ணீர் ஊற்றும் மத்தியானத்தையும் யுங்கை வைத்து விளக்க முடியாது. பாலையை வைத்து முடியும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்துங்கள். எது எங்கே தோற்கிறது என்று நேர்மையாகக் காட்டுங்கள். நம்முடையது என்பதற்காகத் திணையை ஜெயிக்க வைத்துவிடாதீர்கள். இரண்டு மொழி பேசி, ஒரே தெருவில் முப்பது வருஷம் இருக்கிற மனிதரின் பிளவைச் சொல்ல அகத்திணையில் கருவி குறைவு. அங்கே யுங்தான் உதவுவார்.

இப்படி வேலை செய்ய ஒரு முன்மாதிரி வேண்டும் என்றால் ஏ.கே. ராமானுஜனின் இந்திய ஈடிபஸ் பற்றிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, சிகாகோவில் வாழ்ந்த அவருக்கு நடுவில் நிற்பதைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. மகன் தந்தையைப் போட்டியாளராக எண்ணி வீழ்த்த நினைக்கிறான் என்கிற ஃபிராய்டின் ஈடிபஸ் வார்ப்பு இந்தியக் கதைகளில் இருக்கிறதா என்று தேடினார். இருந்தது, ஆனால் திசை மாறி இருந்தது. மகன் தந்தையை வீழ்த்துவதற்குப் பதில், யயாதி தன் மகன் புருவின் இளமையை வாங்கிக்கொள்கிறான். தந்தையின் கல்யாணத்துக்காகத் தேவவிரதன் அரியணையையும் இல்லறத்தையும் துறந்து பீஷ்மனாகிறான். கோட்பாட்டை அவர் தூக்கி எறியவும் இல்லை, கும்பிடவும் இல்லை. அது வளைகிற இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார்.

உங்கள் இரண்டாவது கேள்வி. எது நான் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற எவரையும் நம்பாதீர்கள், அவர் தமிழ்ச் சங்கத்துப் பெரியவராக இருந்தாலும் சரி, கல்லூரித் தோழியாக இருந்தாலும் சரி. வெளிமுகம் போடுவது பொய் என்று யுங் சொல்லவே இல்லை. அது இல்லாமல் யாரும் யாரோடும் பழக முடியாது. நீங்கள் கவனிக்கவேண்டியது வேறு. வீட்டில் இருப்பவள் வெளியே இருப்பவளைப் பார்த்து வெட்கப்படுகிறாளா? வெளியே இருப்பவள் வீட்டில் இருப்பவளை இளக்காரமாக நினைக்கிறாளா? அந்த வெட்கமும் இளக்காரமும்தான் வேதனை தருகின்றன, இரண்டு பேர் இருப்பது இல்லை. வீட்டாரிடம் உங்கள் ஆய்வேட்டைப் பற்றிப் பேசியிருக்கிறீர்களா? தோழிகளிடம் பாட்டி தாத்தாவைப் பற்றி? கடிதத்தில் இல்லை, அதனால் கேட்கிறேன். மனச்சோர்வு படிப்பையும் தூக்கத்தையும் கெடுக்கிற அளவுக்குப் போனால், நாவலில் விடை தேடாமல் கல்லூரி மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதுவும் இதுவும் வேறு.

எழுதும் முறைக்கு ஒரே ஒரு யோசனை. அத்தியாயங்களுக்குப் பேரன்னை, நிழல் என்று தலைப்பு வைக்காதீர்கள். ஒவ்வொரு நாவலிலும் ஒரு பாத்திரம் மொழி மாற்றிப் பேசுகிற ஒரு காட்சியை எடுங்கள். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், மாறும்போது எந்தச் சொல் விழுங்கப்படுகிறது, எந்தச் சிரிப்பு நின்றுபோகிறது என்று வரி வரியாகப் பாருங்கள். அப்படி ஒரு காட்சியைப் பற்றி மட்டும் பத்து பக்கம் எழுதி, ஃபனோன் பகுதியோடு சேர்த்து வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு தலைப்பை மாற்றுவதா வேண்டாமா என்று அவரிடம் பேசுங்கள்.