நொதி இருக்க மாத்திரை எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எச்ஐவியை அழிக்கும் நொதி நம் செல்களிலேயே இருப்பதாக ஒரு காணொளியில் பார்த்தேன். பெயர் ஏபோபெக்3ஜி. அப்படியானால் தொற்று ஏன் வருகிறது? பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, நான்கு வருடங்களாக எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறார். உடலின் நொதிகளைத் தூண்டும் என்று சொல்லி யாரோ அவருக்கு ஒரு காப்ஸ்யூல் விற்றிருக்கிறார்கள். துத்தநாகம், கால்சியம் எல்லாம் அதில் இருக்கிறதாம். மூன்று மாதம் அதைச் சாப்பிட்டுவிட்டு ஏஆர்டியை நிறுத்திவிடப் போகிறாராம். குரங்குகளுக்கு இந்த நொதி வலுவாக இருப்பதால்தான் எச்ஐவி வருவதில்லையா? எச்ஐவியே ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்றும் அதே காணொளியில் சொன்னார்கள்.

கவிதா

அன்புள்ள கவிதா,

அண்ணன் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. முதலில் அவரிடம் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

ஆய்வகக் கதைக்கு ஒரு வரி போதும். உலகெங்கும் பரவியிருக்கும் எச்ஐவி-1 தென்கிழக்கு கேமரூன் சிம்பன்சிகளிடமிருந்து வந்தது.

ஏபோபெக்3ஜி பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன். காரணம் எரிச்சல்தான். கிருமி செல்லுக்குள் நுழைகிறது, நொதி பாய்ந்து அதைக் கொல்கிறது என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். உயிரியல் படிக்கிறவர்கள்கூட இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நடப்பது அதுவல்ல.

இந்த நொதி தான் இருக்கும் செல்லைக் காப்பாற்றுவதில்லை. அந்தச் செல்லைக் கிருமி ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது. அங்கே புதிய கிருமிகள் கட்டப்படும்போது கிருமியின் மரபுச் செய்தியான ஆர்என்ஏவைப் பற்றிக்கொண்டு நொதியும் அவற்றுக்குள் ஒளிந்து ஏறிக்கொள்கிறது. ஒரு கிருமிக்குள் சராசரியாக ஏழு மூலக்கூறுகள், அதற்கு மேல் பெரிதாக இல்லை. வெளியே போகும் கிருமியின் எண்ணிக்கை குறைவதில்லை, பார்வைக்கும் ஒரு குறையும் தெரியாது. அது அடுத்த செல்லுக்குள் நுழைந்து தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கத் தொடங்கும்போதுதான் இந்த ஏழும் வேலையைத் தொடங்குகின்றன.

முதல் டிஎன்ஏ இழை உருவாக உருவாக அதற்கு அச்சாக இருந்த ஆர்என்ஏ சிதைக்கப்படும். எதிர் இழை வந்து மூடும்வரை அந்த டிஎன்ஏ ஒற்றையாகத் திறந்து கிடக்கும். நொதிக்குக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டுமே. டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் அடுத்தடுத்து இரண்டு இருக்கும் இடமாகப் பார்த்து ஒன்றிலிருந்து அமைன் தொகுதியை நீரால் கழற்றி அதை யுராசில் என்ற வேறு எழுத்தாக ஆக்குகிறது. எதிர் இழை எழுதப்படும்போது யுராசிலுக்கு எதிரே குவானினுக்குப் பதிலாக அடினின் உட்காருகிறது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு டிஜிஜி இப்படி டிஏஜி ஆகிவிடும், அதாவது 'இங்கே நிறுத்து' என்ற ஆணை. புரதம் பாதியில் அறுபடும். ஒரே சுற்றில் இப்படிப் பல பத்து இடங்கள் கெட்டுவிட்டால் அந்தப் பிரதியால் இனி கிருமி உண்டாக்க முடியாது. எந்தப் பகுதி அதிக நேரம் திறந்து கிடந்ததோ அங்கேதான் கேடும் அதிகம். நொதி உட்கார்ந்தே படியெடுப்பைத் தடுப்பதும் உண்டு, ஆனால் முக்கிய வேலை இந்தத் திருத்தல்தான்.

அப்புறம் ஏன் தொற்று வருகிறது என்கிறீர்கள். கிருமியிடம் விஃப் என்ற சிறிய புரதம் இருக்கிறது, 192 அமினோ அமிலம். விஃப் மரபணுவை நீக்கிய கிருமி எச்ஐவி தாக்கும் வெள்ளணுக்களான டி செல்களின் சில வகைகளில் வளரும், சிலவற்றில் வளராது. இரண்டு வகையையும் ஒட்டி ஒரே செல்லாக்கினாலும் வளரவில்லை என்று 1998இல் காட்டினார்கள். அப்படியென்றால் வளரவிடும் செல்லில் எதுவும் குறையவில்லை, வளரவிடாத செல்லில்தான் ஏதோ தடுப்பு கூடுதலாக இருக்கிறது. ஆன் ஷீஹி, மைக்கேல் மாலிம் குழு 2002இல் அதைப் பிடித்தது. அதுதான் ஏபோபெக்3ஜி. விஃப் அதை நேரடியாக அழிப்பதில்லை. நம் செல்லின் கழிவகற்றும் புரதங்களான கல்லின்-5, எலாங்கின் பி, சி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, சிபிஎஃப்-பீட்டாவையும் துணைக்கு இழுத்து, நொதியின் மேல் 'இதை அழி' என்று குறிக்கும் யூபிக்விட்டின் சங்கிலி கட்டுகிறது. அப்படி முத்திரை விழுந்த நொதியைச் செல்லின் புரத அரைவை இயந்திரமான புரோட்டியசோம் அரைத்துவிடுகிறது. கிருமி கிளம்பும்போது உள்ளே ஏற ஆள் இல்லை.

குரங்கு விஷயம் பாதி சரி. வலுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் நொதியில் 128ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கில் அங்கே லைசின். அந்த ஒரு மாற்றத்தால் எச்ஐவி-1இன் விஃபுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஆசியக் குரங்குகளில் டிரிம்5-ஆல்ஃபா என்ற வேறு காவலும் உண்டு.

சாம்எச்டி1 என்று இன்னொரு நொதி இருக்கிறது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் டிஎன்ஏ கட்டும் மூலப்பொருளை உடைத்துக் குறைத்துக் கிருமியைப் பட்டினி போடும். எச்ஐவியின் இன்னொரு வகையான எச்ஐவி-2 அதை விபிஎக்ஸ் புரதத்தால் ஒழித்துக்கட்டுகிறது. எச்ஐவி-1இடம் விபிஎக்ஸ் கிடையாது, பெருகிக்கொண்டிருக்கும் டி செல்களில் அந்த நொதி அடங்கிக் கிடப்பதால் அங்கே பிழைத்துக்கொள்கிறது.

இப்போது 'நொதியைக் கூட்டலாமே' என்பவர்களிடம் வருகிறேன். கூட்டினால் விஃப் என்ன செய்யும் என்று அவர்கள் யோசிப்பதே இல்லை. விஃப் பெரும்பகுதியை அரைத்துத் தள்ளி ஏழுக்குப் பதில் ஒன்று மட்டும் ஏறியது என்று வையுங்கள். நாற்பது இடம் கெட வேண்டிய பிரதியில் இரண்டு இடம் மட்டும் கெடலாம். அப்போது கிருமி சாகாமல் மாறக்கூடும். ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் கிருமியின் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் 184ஆம் இடத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் குறியீடு ஏடிஜி, அதையடுத்து இன்னொரு ஜி. நொதிக்குப் பிடித்த இடம். அங்கே ஒரு திருத்தம் விழுந்தால் ஏடிஏ, அதாவது ஐசோலூசின். அந்தக் கிருமியிடம் லாமிவுடின் என்ற ஏஆர்டி மருந்து பலிக்காது. சிகிச்சை இல்லாத உடலில் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கோடி கிருமிகள் உருவாகின்றன. அத்தனையில் அரைகுறையாகத் திருத்தப்பட்டவை எத்தனை இருக்கும்? முழுதாகச் செய்தால் காவல், பாதி செய்தால் கிருமிக்கே உபகாரம். இதே குடும்பத்தின் ஏபோபெக்3பி மார்பகப் புற்றிலும் சிறுநீர்ப்பைப் புற்றிலும் நம் டிஎன்ஏவையே திருத்துவதும் தெரிந்த விஷயம். இதையா தூண்டச் சொல்கிறீர்கள்?

விஃபைத் தடுக்கும் மருந்துக்காக ஆய்வு நடக்கிறது. சிகிச்சைக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை.

காப்ஸ்யூல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நொதியே அதில் இருந்தாலும் வயிற்றில் செரிமான நொதியான பெப்சின் வெட்டிவிடும். நொதியின் வினைமையத்தில் துத்தநாகம் இருப்பது உண்மைதான், செல்லில் அதற்குப் பஞ்சமில்லை. ஆபத்து வேறு இடத்தில். அண்ணன் சாப்பிடுவது அனேகமாக டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒற்றை மாத்திரை. கிருமியின் டிஎன்ஏவை நம் டிஎன்ஏவில் ஒட்டும் நொதியான இன்டெக்ரேஸில் உள்ள மெக்னீசியத்தைப் பற்றிக்கொண்டுதான் டோலுடெக்ராவிர் வேலை செய்கிறது. அதே குணத்தால் குடலில் கால்சியம், இரும்பு, துத்தநாகம், அலுமினியம் எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். ரத்தத்துக்குப் போகும் அளவு குறையும். மாத்திரையை நிறுத்தாமலேயே பாதி நிறுத்தின மாதிரி. அதனால் இந்தச் சத்து மாத்திரைகளுக்கும் ஜெலுசில் போன்ற அமிலநீக்கிகளுக்கும் இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோதான் ஏஆர்டி மாத்திரையைச் சாப்பிட வேண்டும். கால்சியம் அல்லது இரும்பு மட்டும் என்றால் ஏஆர்டி மாத்திரையையும் அதையும் ஒன்றாகச் சாப்பாட்டோடு எடுக்கலாம், வெறும் வயிற்றில் கூடாது.

ஏஆர்டியை அறவே நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே கிருமி ரத்தத்தில் திரும்பத் தெரியும். மூன்று மாதம் உடம்பு நன்றாக இருந்தது என்பது காப்ஸ்யூலின் சாதனை இல்லை, அதுவரை சாப்பிட்ட மாத்திரையின் வேலை. அண்ணனைத் திட்டாதீர்கள். தினமும் மாத்திரை விழுங்குகிறவருக்கு ஒரு நாள் இது முடியாதா என்று தோன்றத்தான் செய்யும். டப்பாவோடு அவரை ஏஆர்டி மையத்துக்கு அழைத்துப் போங்கள். எத்தனை நாள், எந்த நேரத்தில், மாத்திரையோடு சேர்த்தா தனியாகவா சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லட்டும். ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையை முன்கூட்டியே எடுக்க வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.