ட்ரோன் கம்பெனி வேலைக்கு மகனை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

ராணுவத்துக்கு ட்ரோன் செய்யும் கம்பெனியில் மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. "அவன் எழுதுற புரோகிராம் யாரையாவது கொன்னா அந்தப் பாவம் யாருக்கு சார்?" என்று கேட்டீர்கள். சம்பளம், பாண்ட் (இத்தனை வருஷம் வேலையை விடக்கூடாது என்ற ஒப்பந்தம்) எல்லாம் எல்லாப் பெற்றோரும் கேட்பது. உங்கள் கேள்வி இரண்டு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை.

ராணுவ ட்ரோன் எல்லாமே ஆளைக் கொல்வதில்லை. எல்லையைக் கண்காணிக்கும், மலை முகாமுக்கு மருந்து கொண்டுபோகும். உங்கள் பயம், தானே குறிபார்த்துத் தாக்கும் வகையைப் பற்றியது. அதுவும் வந்துவிட்டது. உக்ரைன் போரில் எதிரி ரேடியோ சிக்னலை முடக்குவதால், கடைசிக் கொஞ்ச தூரம் கேமராவை நம்பித் தானாகவே இலக்கைத் துரத்தும் ட்ரோன்கள் பறக்கின்றன. துரத்தத் தெரிகிறது; எதிரில் நிற்பது யார் என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

2021 ஆகஸ்ட் 29, காபூல். ஒரு வெள்ளை டொயோட்டா காரை அமெரிக்க ட்ரோன் சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தது. காரில் ஏற்றிய தண்ணீர் கேன்கள் திரையில் வெடிபொருளாகத் தெரிந்தன; தாக்கிவிட்டார்கள். செத்தது 10 பேர், அதில் 7 குழந்தைகள். அன்று திரைக்கு முன்னால் இருந்தவர்கள் மனிதர்கள். சந்தேகப்படத் தெரிந்தவர்களுக்கே கண் தப்பியது என்றால், சந்தேகமே வராத இயந்திரத்திடம் அந்த முடிவை விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் தடுக்கும் என்று காத்திருக்கவும் முடியாது. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில், தானே தாக்கும் ஆயுதங்களின் ஆபத்தைக் கவனிக்கச் சொன்ன தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன; ஆனால் அது தடைச் சட்டம் இல்லை. எதிர்த்த நான்கில் இந்தியாவும் ஒன்று.

தம்பி சேரட்டும் அம்மா. ஆனால் கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேட்கட்டும். தாக்கும் முடிவை எடுப்பது யார்? சிக்னல் அறுந்தால் ட்ரோன் திரும்பி வருமா, தாக்கப் போகுமா? மழுப்பினார்கள் என்றால் வேறு இடம் பார்க்கலாம். கண்ட்ரோல் சிஸ்டம் (இயந்திரத்தை இயக்கிக் கட்டுப்படுத்துவது), கம்ப்யூட்டர் விஷன் (கேமரா பார்ப்பதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பது) தெரிந்த பையனுக்கு விவசாய ட்ரோன், நில அளவை என்று வழி இருக்கிறது. நேராகப் பதில் சொன்னால், டெஸ்டிங் குழுவைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பலரும் அதை மட்டமாக நினைக்கிறார்கள். கேமரா எங்கே ஏமாறும் என்று கண்டுபிடித்து, "இது இன்னும் தயாரில்லை" என்று எழுதிக் கொடுக்கும் இடம் அதுதான்.

பாண்ட் தாளில், சம்மதம் கேட்காமல் வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றலாம் என்று வரி இருக்கிறதா பாருங்கள். சனிக்கிழமை தம்பியோடு அதை எடுத்து வாருங்கள், உட்கார்ந்து படித்துவிடுவோம்.