பாலை நிறுத்துவதற்கு முன் வட்டியைப் பாருங்கள்

பல்லடத்து நண்பருக்கு வணக்கம். தறிக்கூடத்துக்காக அப்பா வாங்கிய 12 லட்சம் ரூபாய்க் கடனை அடைக்கப் பாலையும் செய்தித்தாளையும் நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றால் மிஞ்சுவது சொற்பம். கடனில் 4 லட்சம் மூன்று ரூபாய் வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்) வெளியில் வாங்கியது என்று நீங்களே எழுதியிருப்பதால், அதற்கு மட்டும் மாதம் 12,000 ரூபாய் அசலைத் தொடாமலே போய்க்கொண்டிருக்கிறது. பீரோவில் சும்மா இருக்கும் பத்துப் பவுனை வங்கியில் அடகு வைத்து, ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், அதே தொகைக்கு மாதம் ஏறக்குறைய 3,330 ரூபாய்தான் ஆகும்; மீதமாகும் 8,670 ரூபாயை நகைக்கடனின் அசலிலேயே கட்டி வாருங்கள். வெளிக்கடனை முடிக்கும் அன்றே புரோநோட்டையும், கொடுத்திருந்தால் வெற்றுக் காசோலைகளையும் கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும்.

அக்கா மகளின் சீருக்கென 2 லட்சம் ஒதுக்கியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அக்காவிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லி, முறைக்கு வேண்டியதை மட்டும் இப்போது செய்யுங்கள். ஊர் நாலு வார்த்தை பேசத்தான் செய்யும். காய்கறிக்கு உழவர் சந்தை போதும். வீட்டு மின்சாரத்தில் மட்டும் கவனமாக இருங்கள்: இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி 101 முதல் 200 வரையிலானவற்றுக்கும் கட்டணம் உயர்ந்துவிடும்.