கடல் அட்டை மனுவை யாரிடம் கொடுப்பது?

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “வலையில் தெரியாமல் கடல் அட்டை விழுந்தாலே எங்கள் ஊரில் பயம். தடையை நீக்கச் சொல்லி சங்கத்தில் மனு எழுதப் போகிறோம். கலெக்டரிடம் கொடு, எம்.எல்.ஏ.விடம் கொடு, எம்.பி.யிடம் கொடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நாடாளுமன்றத்தில் கூச்சல் போட்டுக் கலைகிறார்கள், அதனால் நமக்கு என்ன ஆகப்போகிறது என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.”

பெரியவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிவியில் நாம் பார்ப்பது அந்தக் கூச்சலைத்தான். ஆனால் கடலடியில் மெல்ல ஊரும் மெத்தென்ற உயிரான கடல் அட்டை எப்படித் தடைக்குள் வந்தது என்று பார்த்தால் நாடாளுமன்றம் எதற்கு என்பதும் பாதி விளங்கிவிடும்.

1972இல் நாடாளுமன்றம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. எந்தெந்த உயிரினத்தைப் பிடிக்கக்கூடாது என்பது அதன் அட்டவணைகளில் இருக்கிறது. அட்டவணையில் ஒன்றைச் சேர்க்கவோ நீக்கவோ மத்திய அரசே அறிவிக்கை வெளியிடலாம் என்று 61வது பிரிவு அதிகாரம் கொடுத்தது. 2001இல் கடல் அட்டை அந்த வழியாகத்தான் உள்ளே போனது. அதற்காக அவையில் யாரும் ஓட்டுப் போடவில்லை. டெல்லியில் ஒரு அறிவிக்கை வந்தது, இங்கே அட்டையை அவித்துக் காயப்போட்டுப் பிழைத்தவர்களின் தொழில் நின்றுபோனது. அக்கரையில் இலங்கைக்காரர்கள் உரிமம் வாங்கிக்கொண்டு பிடிக்கிறார்கள், இக்கரையில் கைது. 2022இல் நாடாளுமன்றம் அந்த அட்டவணைகளையே திருத்தி அமைத்தது. அப்போதும் தடை நீங்கவில்லை.

ஆக, அரசு வேறு, நாடாளுமன்றம் வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் மனுக்கள் தவறான மேசைக்குப் போகின்றன. உங்கள் எம்.பி.யால் அறிவிக்கை போட முடியாது. ஆனால் அறிவிக்கை போடும் அமைச்சரை நிற்க வைத்துக் கேள்வி கேட்க முடியும். அமைச்சரவை முழுவதும் மக்களவைக்குப் பொறுப்பு என்று அரசியல் சாசனத்தின் 75வது பிரிவு சொல்கிறது. அது வெறும் எழுத்து அல்ல என்பதை 1999 ஏப்ரலில் பார்த்தோம், ஒரே ஒரு ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. சட்டம் இயற்றுவது, பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, அரசைப் பதில் சொல்ல வைப்பது ஆகிய மூன்றும் நாடாளுமன்றத்தின் வேலைதான். உங்கள் ஊருக்குச் சீக்கிரம் கைகொடுப்பது கடைசி வேலை என்பேன்.

மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 20, அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியில்லாத கேள்விகள் 230 வரை வரும், அவற்றுக்கு எழுத்தில் பதில். குலுக்கலில்தான் தேர்வு என்பதால் நட்சத்திரக் குறிக்கு ஆசைப்பட்டுக் காத்திருக்க வேண்டாம். எழுத்தில் வரும் பதிலும் அரசின் நிலைப்பாடாகப் பதிவாகிவிடும். நாளைக்கு அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்கலாம்.

எனவே எம்.பி.யிடம் கோரிக்கை மனுவாக மட்டும் கொடுக்காமல், கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள். நான் பார்த்த மனுக்களில் பாதி “எங்கள் வாழ்வாதாரத்தைக் காத்தருள வேண்டுகிறோம்” என்று முடியும். படித்துவிட்டு எம்.பி. என்ன செய்வார், அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் போடுவார், அத்துடன் சரி. இப்படி எழுதிப் பாருங்கள்:

“(அ) 2001க்குப் பிறகு மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல் அட்டையின் இருப்பை அரசு கணக்கெடுத்ததா, (ஆ) ஆம் எனில் இனவாரியான விவரம் என்ன, இல்லை எனில் காரணம் என்ன, (இ) குஞ்சு பொரிப்பகத்தில் உற்பத்தி செய்து பண்ணையில் வளர்க்கும் கடல் அட்டைக்கு விலக்கு அளிக்கும் திட்டம் உண்டா?”

இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்வது கஷ்டம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் உங்கள் மண்டபத்தில்தான் இருந்தது, அதன் மையம் இன்றும் அங்கே இருக்கிறது. கேட்பதற்கு முன் ஒரு நடை போய் விஞ்ஞானிகளிடம் பேசிவிட்டு வாருங்கள். தடையை அடியோடு நீக்குங்கள் என்றால் கிடைக்காது என்பது என் கணிப்பு. ஓடத் தெரியாத உயிர் அது, குனிந்து பொறுக்கினால் தீர்ந்துவிடும். கணக்கெடுப்பும் வளர்ப்பு அட்டைக்கு விலக்கும் கேட்டால் வாசல் கொஞ்சம் திறக்கலாம்.

இன்னொரு வழி, மக்களவையின் மனுக்கள் குழு. சாதாரணக் குடிமகனும் அதற்கு மனு அனுப்பலாம். மரியாதையான மொழியில் இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதை முதலில் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். மாநிலங்களவையிலும் இப்படி ஒரு குழு உண்டு. அங்கே தமிழ்நாட்டிலிருந்து 18 பேர் இருக்கிறார்கள், யாரிடம் வேண்டுமானாலும் கேள்வியைக் கொடுக்கலாம். உங்கள் தொகுதி எம்.பி. ஒருவரையே நம்பியிருக்க வேண்டியதில்லை.

அப்புறம் எம்.எல்.ஏ. எதற்கு? கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. கடலுக்குப் போக வாங்கும் டோக்கன், வலைக்கண் அளவு, விசைப்படகா நாட்டுப்படகா என்ற தகராறு எல்லாம் சென்னையில் பேச வேண்டியவை. அதற்கு அப்பாலான கடலும், இலங்கைக் கடற்படை பிடித்த படகும் டெல்லி விவகாரம். வன உயிரினம் இரண்டு பேருக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. 2017இல் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழகச் சட்டமன்றம் மத்தியச் சட்டத்தையே திருத்தி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியது நினைவிருக்கும். ஆனால் அன்று மெரினாவில் நின்ற கூட்டம் அட்டைக்காக நிற்குமா என்பது வேறு விஷயம். எம்.எல்.ஏ.விடமும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். கலெக்டருக்குக் கொடுத்தால் மேலே அனுப்புவார், அவ்வளவுதான்.

மழைக்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக ஜூலையில் தொடங்கும். கேள்விக்குப் பதினைந்து நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், சங்கத்து ஆட்களும் ஊரில் இருப்பார்கள். அப்போதே உட்கார்ந்து எழுதி, ஜூன் முடிவதற்குள் எம்.பி. அலுவலகத்தில் கொடுத்து, வாங்கியதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.